அம்புக்கு எதிரே நடக்கக் கூடாது

மலையடிவாரத்தில் கடம்பங்காடு என்று ஒரு காடு. அதற்கு இந்தப் பக்கம் மொட்டப்பாறை, அந்தப் பக்கம் கொழுஞ்சிவிளை. காட்டுக்குள் புகுந்து நடந்தால் ஒன்றரை மணி நேரம். மலையைச் சுற்றி ஜீப்பில் போனாலும் அதே ஒன்றரை மணி நேரம். அவசரம் என்றால் எதில் போவது என்று யோசிப்பதிலேயே இரண்டு ஊர்க்காரர்களுக்கும் பொழுது போய்விடும். இல்லை, திருத்திச் சொல்ல வேண்டும். மொட்டப்பாறைக்காரர்களுக்கு மட்டும்தான் அப்படி. கொழுஞ்சிவிளைக்காரர்கள் விவரமானவர்கள்.

காட்டுக்குள் பாளையக்காரர் காலத்துக் காவல்வீடுகள் மூன்று உண்டு. இரண்டு இடிந்து குட்டிச்சுவராகிவிட்டன. மூன்றாவது மட்டும் பாதையின் நடுவழியில் இன்னும் விறைப்பாக நிற்கிறது. காட்டைத் திருத்திக் கம்பு விதைத்த குடியானவர்கள், மாடு கொள்ளையடிக்க வருகிறவர்களுக்குப் பயந்து கட்டியது. சுவர் இரண்டு முழக் கனம். கீழே மாட்டுத் தொழுவம், அதற்கு ஜன்னலே கிடையாது, கதவுக்கு உள்ளே குறுக்குக்கட்டை. ஆட்கள் வெளிப்பக்கம் ஏணி வைத்து மேலே ஏறி, ஏணியையும் மேலே இழுத்துக்கொள்வார்கள். மேல் சுவரில் அங்கங்கே ஓட்டை இருக்கும். அதன் வழியாக, வருகிறவன் தலையில் கல்லைப் போடுவார்கள். அந்தக் காலத்து விருந்தோம்பல் அப்படி.

இந்தக் காட்டு வழியைச் செப்பம் செய்து, வெளியூர்க்காரர்கள் வந்து நடந்து பார்க்கும் பாதையாக ஆக்குவது என்று மேலிடத்தில் முடிவாயிற்று. ரேஞ்சர் ஞானதிரவியம் பாதைக் காவலுக்கு நாலு ஆள் தேடி மொட்டப்பாறைக்கு வந்தார். ஊரில் புத்தியுள்ளவர்களுக்கெல்லாம் ஏற்கெனவே வேலை இருந்தது. மிச்சம் நாலு பேர் இருந்தார்கள்.

அவர்களில் மூத்தவர் பலவேசம். ஐந்தாம் வகுப்பை மூன்று முறை படித்தவர் என்பதால், மூன்று மடங்கு படித்தவர் என்று மற்ற மூவருக்கும் அவர்மேல் மரியாதை. அடுத்தவர் கொம்பையா. பலசாலி. தன்னுடைய இரண்டு பசுக்கள் இல்லாமல் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போகமாட்டார். மூன்றாமவர் சொரிமுத்து. நில் என்றால் நிற்பார். நிற்கச் சொன்னவர் மறந்துவிட்டாலும் நிற்பார்.

நாலாவது ஆள் தளவாய். நமக்கு வேண்டியவர் இவர்தான். நல்ல மனிதர். பொய் தெரியாது, சூது தெரியாது. அந்த வரிசையில் இன்னும் சில விஷயங்களும் தெரியாது.

தளவாய்க்கு அப்போது ஒரு பெரிய கஷ்டம். அவர் மனைவி வடிவு கோபித்துக்கொண்டு கொழுஞ்சிவிளையில் அம்மா வீட்டுக்குப் போய் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. காரணம் இதுதான். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிய வடிவு, வாசலில் நின்று, "நான் வார வரைக்கும் அடுப்புல தீ அணையாமப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலம் திரும்ப வேண்டியவள். ஆற்றில் வெள்ளம் வந்து மூன்று நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தாள். தீ அணையவில்லை. விறகு முதல் நாளே தீர்ந்துபோயிற்று. அதன் பிறகு கட்டில், முக்காலி, உலக்கை, மத்து, கடைசியாக வடிவின் அம்மா சீதனமாகக் கொடுத்த மரப்பெட்டி. வெறும் வீட்டின் நடுவே அடுப்பு மட்டும் திகுதிகுவென்று எரிய, தளவாய் கண் சிவந்து, முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து நின்றார்.

"ஒரு தடவகூட அணையல வடிவு!"

வடிவு, இருந்த இரண்டு சேலைகளை மூட்டையாகக் கட்டினாள். படியிறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஒங்க வேலயப் பாத்து ஒரு வெளியாளு, சொந்தக்காரன் இல்ல, கூட்டாளி இல்ல, சுத்தமான வெளியாளு, 'நல்லாருக்கு'ன்னு வாயால சொல்லட்டும். அன்னைக்கு வாரேன். அதுவரைக்கும் நான் எங்க அம்மைக்கு மக."

அன்றிலிருந்து தளவாய்க்குச் சோறு இறங்கவில்லை. யாராவது விசாரித்தால், "அவ போனதுல இருந்து வீடு வீடாவே இல்ல" என்பார். ராத்திரி கொம்பையாவின் தொழுவத்தில் படுத்துக்கொள்வார். பாவம், மனசு சரியில்லை என்று ஊர் உச்சுக்கொட்டியது. ரேஞ்சர் வந்து, பாதைக் காவலுக்கு வருகிறீரா என்று கேட்டபோது தளவாய் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வெளியூர், வேறு சாதி, வேறு மதம், சர்க்கார் உத்தியோகம். இவரைவிடச் சுத்தமான வெளியாள் கிடைப்பாரா என்று அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ரேஞ்சர் நாலு பேரையும் நிற்கவைத்துத் தெளிவாகச் சொன்னார். அவருக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. கோபமே கூடாது, கோபம் வந்தால் மூச்சை இழுத்து விட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அதனால் எதையும் தெளிவாகச் சொல்லிவிடுவது அவர் வழக்கம்.

"மூணே விஷயம்வே. ஒண்ணு, பாதை நெடுக மரத்துல அம்புக்குறி போடணும். நீங்க எந்தப் பக்கம் நடக்கியளோ அந்தப் பக்கம் அம்பு காட்டணும். அம்புக்கு எதிரா ஒருத்தரும் நடக்கக் கூடாது. ரெண்டு, காட்டுல ஒரு கல்லுகூட இடம் மாறக் கூடாது. மூணு, அந்தக் காவல்வீடு அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். நாள மறுநா வந்து பாப்பேன். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அய்யா" என்றார்கள் நால்வரும். அவ்வளவு எளிதாகப் புரிந்ததில் ரேஞ்சருக்கே லேசாக ஒரு சந்தேகம் வந்தது. ஆனாலும் தளவாயின் கழுத்தில் ஒரு விசிலை மாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். பெயிண்ட் டப்பாவும் கம்பு மாவும் பசுக்களின் முதுகில். பலவேசம் மரத்தைக் காட்டுவார், தளவாய் அம்பு வரைவார், கொம்பையா பசுவைத் தள்ளுவார், சொரிமுத்து நிற்பார். ஒவ்வொரு அம்பும் கொழுஞ்சிவிளையைப் பார்த்துக் கனகச்சிதமாக நின்றது. மத்தியானத்துக்குள் மறு ஓரம் வந்துவிட்டார்கள். அடிகுழாய்க்குப் பக்கத்தில் வடிவின் அம்மா வீடு தெரிந்தது. கொடியில் வடிவின் பச்சைச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. தளவாய் அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். ஓடிப்போய்ப் பேசிவிடலாம்தான். ஆனால் வெளியாள் இன்னும் சொல்லவில்லையே.

"போவோம்வே" என்று திரும்பினார். பத்தடி நடந்ததும் முதல் மரத்தடியில் பலவேசம் சிலையாக நின்றுவிட்டார்.

"தளவாய், இப்ப நாம எந்தப் பக்கம் நடக்கோம்?"

"மொட்டப்பாறைப் பக்கம்."

"அம்பு எந்தப் பக்கம் காட்டுது?"

எல்லோரும் அம்பைப் பார்த்தார்கள்.

"காலைல சரியாத்தானவே இருந்துச்சு?" என்றார் கொம்பையா.

"காலைல சரி. இப்ப தப்பு. நாம நடக்க பக்கம் காட்டணும்னுல்லா அய்யா சொன்னாரு? அதோட நாம இப்ப அம்புக்கு எதிரா வேற பத்தடி நடந்துட்டோம்."

பத்தடியையும் பின்னால் போய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். அம்பின் வாலை அப்படியே விட்டு, ஈரம் காயாத தலையைக் கொம்பையாவின் வேட்டியால் துடைத்து, மறுமுனையில் புதுத் தலை போட்டார்கள். மரத்துக்கு மரம் இதே வேலை. இப்போது எல்லா அம்பும் மொட்டப்பாறையைக் காட்டியது.

நடுவழியில் காவல்வீடு வந்தது. மூன்றாவது உத்தரவைப் பற்றி அங்கே உட்கார்ந்து யோசித்தார்கள்.

"அந்தக் காலத்துல இந்த வீடு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் தளவாய்.

"கீழ மாடு இருந்துச்சு" என்றார் பலவேசம். கொம்பையா உடனே பசுக்களை உள்ளே ஓட்டிக் கட்டினார்.

"மேல ஆளு இருந்துச்சு." பலவேசமும் கொம்பையாவும் மேலே இருப்பது என்று முடிவாயிற்று.

"வெளியாளு வந்தா கல்லப் போட்டாங்க."

"கல்லு இடம் மாறக் கூடாதே!"

இது சிக்கலான கேள்வி. ரேஞ்சரின் இரண்டாவது உத்தரவும் மூன்றாவது உத்தரவும் முட்டிக்கொண்டு நின்றன. பலவேசம் கண்ணை மூடிக்கொண்டார். கொம்பையா வெற்றிலை போட்டார். கீழே இருந்த பசுக்களில் ஒன்று, ரொம்ப நேரமாக யோசித்ததுபோல் வாலைத் தூக்கிச் சாணி போட்டது. அதைப் பார்த்ததும் பலவேசம் முகம் தெளிந்தது.

"சாணி கல்லு இல்லியே" என்றார்.

இப்படியாக எல்லாம் ஒழுங்காயிற்று. மேலே இருவரும் சாணி உருண்டை பிடிக்க உட்கார்ந்தார்கள். தளவாயும் சொரிமுத்தும் மிச்ச அம்புகளுக்குத் தலை மாற்றிக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு ரேஞ்சரின் ஜீப் மொட்டப்பாறைக்கு வந்தது. காட்டின் ஓரத்தில் தளவாய் மட்டும் விசிலோடு நின்றார்.

"மத்தவங்க?"

"ரெண்டு பேரு காவல்வீட்டுல. சொரிமுத்து எங்க வீட்டுல. அங்க ஒரு வேல கெடக்கு அய்யா, விட்டுட்டு வர முடியாது."

ரேஞ்சர் காட்டுக்குள் காலை எடுத்து வைத்தார். விசில் அலறியது.

"அய்யா, அம்பப் பாருங்க."

ரேஞ்சர் அம்பைப் பார்த்தார். அது நேராக அவர் நெஞ்சைப் பார்த்துக் காட்டிக்கொண்டிருந்தது. அடுத்த மரத்து அம்பும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

"என்னவே இது? காட்டுக்குள்ள போகவே கூடாதுன்னு காட்டுதே!"

"இல்ல அய்யா, கொழுஞ்சிவிளையில ஆரம்பிச்சா வரலாம். அம்புக்கு எதிரா ஒருத்தரும் நடக்கக் கூடாதுன்னு அய்யாதான் சொன்னீங்க."

"அது மத்தவங்களுக்குவே!"

"ஒருத்தரும்னு சொன்னீங்களே அய்யா. அய்யாவும் ஒருத்தருதான?"

ரேஞ்சர் மூச்சை இழுத்து விட்டார். பிறகு தளவாயையும் ஏற்றிக்கொண்டு மலையைச் சுற்றி ஒன்றரை மணி நேரம் ஜீப்பில் போய், கொழுஞ்சிவிளை அடிகுழாயடியில் இறங்கினார்.

அங்கே வடிவு தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். தளவாயைக் கண்டதும் அடிப்பதை நிறுத்தினாள். இளைத்துப்போன அவர் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதை மறைத்துக்கொண்டு ரேஞ்சரிடம் திரும்பினாள்.

"அய்யா, இவுக வேல எப்படி இருக்கு?"

"இனிமேதாம்மா பாக்கணும்."

"பாத்துட்டு உள்ளதச் சொல்லுங்க" என்று குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். தளவாய், இன்றைக்கு மட்டும் எந்தத் தப்பும் நடக்கக் கூடாது சாமி என்று வேண்டிக்கொண்டார். சாமி என்ன நினைத்ததோ தெரியவில்லை.

அரை மணி நேரம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. காடு குளிர்ச்சியாக இருந்தது. ஓடையைத் தாண்டியதும் ரேஞ்சர் நொண்ட ஆரம்பித்தார். ஒரு வேரில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்து, உள்ளே இருந்த ஒரு சின்னக் கல்லைத் தட்டினார். விசில் அலறியது.

"அய்யா, இந்தக் கல்லு எங்க ஏறிச்சு?"

"எனக்கு எப்படிவே தெரியும்? ஓடைப் பக்கம் ஏறியிருக்கும்."

"ஓடைக்கு இந்தக் கரையிலயா, அந்தக் கரையிலயா?"

"அந்தக் கரை!" என்றார் ரேஞ்சர், ஏதோ ஒன்றைச் சொல்ல வேண்டுமே என்று. தளவாய் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்தார். கல்லை அதன் இடத்தில் வைக்கத் திரும்பிப் போக வேண்டும். திரும்பிப் போனால் அம்புக்கு எதிர். கடைசியில் அதை வேட்டி மடியில் முடிந்துகொண்டார். முகம் மட்டும், அடுத்தவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவனைப்போல் கலங்கியே இருந்தது.

காவல்வீடு தெரிந்ததும் ரேஞ்சர் முகம் மலர்ந்தது. "ஆகா, எப்பேர்ப்பட்ட சுவருவே!" என்று வேகமாக நடந்தார். தளவாய் பத்தடி தள்ளி ஒரு மரத்தடியில் நின்றுகொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, "இங்கதான் அய்யா வசதி" என்றார்.

முதல் உருண்டை ரேஞ்சரின் தொப்பியில் விழுந்தது. இரண்டாவது சட்டையில். மூன்றாவது, "என்னவே!" என்று அவர் அண்ணாந்தபோது வந்தது. அது எங்கே விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

"யாரது?" என்று மேலே ஓட்டையிலிருந்து பலவேசத்தின் குரல் கம்பீரமாக வந்தது.

"நான்தான்வே! ரேஞ்சர்!"

உள்ளே குசுகுசுவென்று பேச்சு நடந்தது.

"அந்தக் காலத்துல ரேஞ்சர் கெடையாது அய்யா. அந்தக் காலத்துல இங்க வந்தவன் ஒண்ணு திருடன், இல்லன்னா சொந்தக்காரன். அய்யா எது?"

ரேஞ்சர் மூச்சை இழுத்தார். விடுவதற்குள் பின்னால் புதரில் சலசலவென்று சத்தம். கழுதைக்குட்டி உயரத்தில் ஒரு காட்டுப்பன்றி வெளியே வந்து, இரண்டு கோரைப்பல்லையும் காட்டிக்கொண்டு அவரைப் பார்த்தது. சாணி வாசனை அதற்குப் பிடித்ததோ, பிடிக்கவில்லையோ, தலையைக் குனிந்து மண்ணைக் கீறத் தொடங்கியது.

"ஏணியப் போடுங்கவே!" என்று கத்தினார் தளவாய்.

"தளவாய் எனக்கு மச்சினன்" என்றார் கொம்பையா. ஏணி இறங்கியது. தளவாய் விறுவிறுவென்று ஏறினார். பின்னாலேயே ரேஞ்சரும் இரண்டு படி ஏறிவிட்டார். அதோடு ஏணி ஆடியது.

"இவரு யாரு?" என்றார் பலவேசம், ஏணியின் தலையைப் பிடித்துக்கொண்டு.

பன்றி வந்துகொண்டிருந்தது.

"மாமன்வே!" என்று அலறினார் ரேஞ்சர். "தளவாய்க்குத் தாய்மாமன்!"

"தளவாய், உமக்கு மாமாவா?"

தளவாய் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லை. "நேத்து வரைக்கும் இல்ல. இப்ப அவரே சொல்லுதாரு. பெரியவங்க சொன்னா இருக்கும்வே."

"அப்ப வாங்க மாமா!" என்று கொம்பையா ரேஞ்சரைச் சட்டைக் காலரோடு பிடித்து மேலே இழுத்துப் போட்டார். ஏணியும் மேலே வந்தது. ஒரு நொடி தாமதித்திருந்தால் ரேஞ்சரின் பூட்ஸ் பன்றிக்குப் போயிருக்கும்.

பன்றி சுவரில் முட்டியது. சுவர் அசையவில்லை. கதவில் முட்டியது. குறுக்குக்கட்டை அசையவில்லை. கொம்பையா மூக்கைக் குறிபார்த்து ஏழெட்டு உருண்டை விட்டதும், இத்தனை காலமும் இந்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் செய்ததையே அதுவும் செய்தது. திரும்பிக் காட்டுக்குள் ஓடிவிட்டது.

ரேஞ்சர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பலவேசம் ஒரு சிரட்டையில் கம்பங்கூழும், தொட்டுக்கொள்ள ஒரு சின்ன வெங்காயமும் வைத்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவர் ஒரே மூச்சில் குடித்தார். குளிர்ந்த சுவரைத் தடவிப் பார்த்தார். உயிர் பிழைத்த மனிதன் உண்மையைத்தான் பேசுவான்.

"நல்லாருக்குவே" என்றார் மெதுவாக. "வீடும் நல்லாருக்கு. நீங்க வச்சிருக்கறதும் நல்லாருக்கு."

தளவாய்க்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "பலவேசம், கேட்டீரா? சொல்லிட்டாரு! வடிவு வந்துருவா!"

பலவேசம் மட்டும் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். மூன்று மடங்கு படித்தவருக்கு அதுதான் தொல்லை.

"யாரு சொல்லணும்னு வடிவு சொன்னா?"

"வெளியாளு."

"இவரு யாரு?"

தளவாயின் வாய் திறந்தபடியே நின்றது. "மாமன்" என்றார், குரல் உடைந்து.

"தாய்மாமன்" என்றார் கொம்பையா வருத்தத்தோடு. "அதவிட நெருங்குன சொந்தம் கெடையாது."

"நான் மாமன் இல்லவே! ரேஞ்சர்வே! சுத்தமான வெளியாளு!"

"அப்ப எப்படி அய்யா ஏணில ஏறுனீங்க?" என்று பணிவாகக் கேட்டார் பலவேசம்.

ரேஞ்சர் ஆறு முறை மூச்சை இழுத்து விட்டார். மூவரும் யோசித்தார்கள், ரேஞ்சரும் சேர்ந்து. அவருக்கே இப்போது அந்தச் சிக்கல் புரிய ஆரம்பித்திருந்தது. அதுதான் மற்ற எல்லாவற்றையும்விட அவரைப் பயமுறுத்தியது.

"வெளிய நின்னு சொன்னா வெளியாளுதான" என்றார் கொம்பையா கடைசியில். வாழ்க்கையிலேயே அவர் சொன்ன ஒரே யோசனை அது.

ஏணியைப் போட்டு ரேஞ்சரை இறக்கினார்கள். பன்றி வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே, அண்ணாந்து நின்று, "நல்லாருக்கு! போதுமா?" என்றார் அவர்.

"'போதுமா' வேண்டாம் அய்யா. அதுல ஒரு கொற தெரியுது."

"நல்லாருக்கு!" என்று காடே அதிரக் கத்தினார் ரேஞ்சர். பிறகு திரும்பி, கொழுஞ்சிவிளையில் நிற்கும் ஜீப்பை நோக்கி நடையைக் கட்டினார்.

விசில் அலறியது. தளவாய் ஏணியில் இறங்கி ஓடிவந்தார். "அய்யா, அம்பு!"

"என் ஜீப்பு அங்கதான நிக்கி!" ரேஞ்சருக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் எப்படித்தான்வே போவேன்?"

மேலே ஓட்டையிலிருந்து பலவேசம் தீர்ப்புச் சொன்னார். "அய்யா முகம் அம்பு காட்டுத பக்கம் பாத்தாப் போதும். காலு எங்க போனா அம்புக்கு என்ன?"

அப்படியே போனார்கள். ரேஞ்சரும் தளவாயும் மொட்டப்பாறையைப் பார்த்தபடி, கொழுஞ்சிவிளைக்குப் பின்னால் பின்னாலேயே நடந்தார்கள். ஒரு இடத்தில் ரேஞ்சர் ஓடைக்குள் உட்கார்ந்துவிட்டார். அதனால் ஓடை வந்துவிட்டது என்று தெரிந்தது; தாண்டியதும் அந்தக் கரைதான். தளவாய் மடியிலிருந்த கல்லை எடுத்து அதன் இடத்தில் வைத்துக் கும்பிட்டார்.

அடிகுழாயடியில் வடிவு நின்றுகொண்டிருந்தாள். காட்டுக்குள்ளிருந்து முதலில் இரண்டு முதுகுகள் வந்தன. ஒன்று அவளுக்குத் தெரிந்த முதுகு.

"இது என்ன அய்யா சட்டையில?" என்றாள், வாயைப் பொத்திக்கொண்டு.

"அது அந்தக் காலம்மா" என்றார் ரேஞ்சர்.

"இவுக வேல எப்படி இருந்துச்சு?"

ரேஞ்சர் தளவாயைப் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டு, கண்ணைக் கொட்டாமல், சாமி சந்நிதியில் நிற்கிறவரைப்போல் நின்றார் தளவாய். ரேஞ்சருக்கு மனசு கேட்கவில்லை.

"நல்லாருக்கும்மா. நீ இவர வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா இன்னும் நல்லாருக்கும்."

ஜீப் புழுதி கிளப்பிப் போயிற்று. வடிவு சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. இருபது நாளாக அவளுக்கும் அம்மா வீட்டுச் சோறு ருசிக்கவில்லை. அதை வாய்விட்டே சொன்னாள். "ஒங்க கூட மாரடிக்காம எனக்கும் பொழுது போகல" என்றாள். மூட்டையை எடுத்து அவர் தலையில் வைத்தாள். இருவரும் அம்பு காட்டும் பக்கம் நேராக நடந்தார்கள். காவல்வீட்டிலிருந்து அவர்கள்மேல் ஒன்றும் விழவில்லை. சொந்தக்காரர்கள் என்று பலவேசத்துக்குத் தெரியும்.

காடு முடிகிற மேட்டில் வடிவு நின்றாள். கீழே மொட்டப்பாறை தெரிந்தது. ஊர் நடுவே கரும்புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"யாரு வீட்டுலயோ விசேஷம் போலிருக்கு. அடுப்பு பெருசா எரியுது."

"நம்ம வீடுதான்" என்றார் தளவாய், அடக்கமாக.

வடிவு மெல்லத் திரும்பினாள்.

"நீ வார வரைக்கும் அணையக் கூடாதுன்னுதான சொன்ன? வந்த, ஒடனே போயிட்ட. மறுபடி வார வரைக்கும்னு விடாமப் பாத்துக்கிட்டேன். வெளிய போனாலும் பெரிய கட்டையாச் சொருகிட்டுத்தான் போவேன். இருபது நாளு, ஒரு தடவகூட அணையல."

"வீட்டுல எரிக்க என்னங்க இருந்துச்சு?"

"கதவு, ஜன்னலு. அது முடிஞ்சதும் நெலை. முந்தாநேத்துல இருந்து கூரைப் பனங்கை. ஓடு எல்லாத்தையும் ஒண்ணுகூட ஒடயாம எறக்கி அடுக்கிட்டோம்."

வடிவு அப்படியே மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். வானத்தைப் பார்த்தாள். மேற்கே மழை கருத்துக்கொண்டு வந்தது.

"கூரை இல்லாம, இந்த மழையில என்ன செய்யப் போறிய?"

"அத யோசிக்காம இருப்பனா?" என்றார் தளவாய், முகமெல்லாம் சிரிப்பாக. "சொரிமுத்து அடுப்புக்கு மேல குடை பிடிச்சிக்கிட்டு நிக்கான்லா! நல்ல மரக்கைப்பிடிக் குடை. பனங்கை முடிஞ்சா, அடுத்து அதுதான்."